போர்க்கப்பலுக்கு யார் பெயர்? மாலுமிக்கே முதல் உரிமை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடற்படையில் புதிய கப்பல் சேரும்போதெல்லாம் ‘ராஜேந்திர சோழன் பெயரை ஏன் வைக்கவில்லை?’, ‘வ.உ.சி.யை மறந்தது ஏன்?’, ‘வேலு நாச்சியாருக்கு எப்போது?’ என்று நம் பத்திரிகைகளில் கடிதங்கள் வருகின்றன. இந்த ஆதங்கம் நியாயமானதுதான். ஆனால் கோரிக்கை பெரும்பாலும் காலம் கடந்து எழுகிறது. பொருந்தாத கப்பலுக்காக எழுகிறது. கேட்கப்படும் பெயர்களோ அநேகமாக அரசர்கள், தலைவர்கள் பெயர்களாகவே இருக்கின்றன. கடலில் கடமை செய்யும்போது உயிர் கொடுத்த மாலுமிகளின் பெயர்களை யாரும் கேட்பதில்லை. கப்பலில் எழுதப்படும் தகுதி முதலில் அவர்களுக்கே உண்டு என்பதற்காகத்தான் இந்தக் கடிதம்.

பெயர் எப்படி வைக்கிறார்கள் என்பது தெரிந்தால்தான் கோரிக்கை எடுபடும். கப்பல் கட்டும் தளத்தில் வேலை தொடங்கும்போது கப்பலுக்குப் பெரும்பாலும் ஒரு யார்டு எண்தான் இருக்கும். தகடு வெட்டுவது, கீல் என்ற அடித்தண்டை வைப்பது எல்லாம் அந்த எண்ணின் பேரில் நடக்கும். பெயரைப் பரிசீலிப்பதற்குக் கடற்படைத் தலைமையகத்தில் தனிக் குழு இருக்கிறது. கொள்கை, திட்டப் பிரிவைக் கவனிக்கும் மூத்த அதிகாரி அதற்குத் தலைவர். பாதுகாப்பு அமைச்சகத்தின் வரலாற்றுப் பிரிவு போன்ற துறைகளின் ஆட்களும் அதில் உண்டு. குழுவின் பரிந்துரை கடற்படைத் தளபதிக்குப் போகும். குடியரசுத் தலைவரின் ஒப்புதலும் இதில் இருக்கிறது. கப்பலைத் தண்ணீரில் இறக்கும் நாளில், மரபுப்படி ஒரு பெண்மணி பெயரை அறிவிப்பார். அன்றைக்கும் அதை ‘ஐஎன்எஸ்’ (இந்தியக் கடற்படைக் கப்பல்) என்று சொல்லக் கூடாது. கட்டுமானம் முடிந்து, சோதனை ஓட்டங்கள் முடிந்து, படையில் சேர்க்கும் ஆணையை வாசித்துக் கொடி ஏற்றிய பிறகே அந்த மூன்றெழுத்து பெயருக்கு முன்னால் வரும்.

இம்பால் கப்பலை எடுத்துக்கொள்வோம். 2019 ஏப்ரலில் பெயருக்குக் குடியரசுத் தலைவர் ஒப்புதல் கொடுத்தார். அதே மாதம் கப்பல் தண்ணீரில் இறங்கியது. படையில் சேர்ந்ததோ 2023 டிசம்பர் 26-ல். இடையில் நான்கரை ஆண்டுகளுக்கு மேல். நம் கடிதங்கள் வருவது அந்தக் கடைசித் தேதிக்கு மறுநாள். அதற்குள் சின்னம் வரைந்து, முத்திரை வாசகம் முடிவாகி, பெயர்ப்பலகை அடித்து, ஆவணங்கள் எல்லாம் அந்தப் பெயரில் ஓடிக்கொண்டிருக்கும். அப்போது மாற்றச் சொன்னால் யாரும் மாற்ற மாட்டார்கள், மாற்றவும் கூடாது.

இன்னொரு தடையும் உண்டு. பெயர்களைத் தனித்தனிக் கப்பலுக்கு யோசிப்பதில்லை, ஒரு ரகத்துக்கே யோசிக்கிறார்கள். நாசகாரி (டெஸ்ட்ராயர்) எனும் பெரிய போர்க்கப்பல்களுக்கு நகரங்கள்: டெல்லி, கொல்கத்தா, சென்னை, விசாகப்பட்டினம், சூரத். அவற்றைவிடச் சற்றுச் சிறிய ஃபிரிகேட்டுகளுக்கு மலைகள், ஆறுகள், ஆயுதங்கள்: ஷிவாலிக், பிரம்மபுத்ரா, தல்வார். கமோர்ட்டா வரிசைக்குத் தீவுகள். ஒரு ரகத்தின் முதல் கப்பல் ‘நீலகிரி’ ஆகிவிட்டால் அடுத்தவை ஹிம்கிரி, தாராகிரி, உதயகிரி, துனாகிரி, விந்தியகிரி, மகேந்திரகிரி என்றுதான் போகும். அந்த வரிசைக்கு நடுவே ஒரு மனிதரின் பெயரைச் செருக இடமில்லை. ஆகவே யாருக்காவது பெயர் கேட்பதென்றால், புதிய ரகம் ஒன்றுக்கு ஒப்பந்தம் கையெழுத்தான கையோடு, முதல் கப்பல் தண்ணீரில் இறங்குமுன் கேட்க வேண்டும். அந்தச் சில ஆண்டுகள்தான் வாசல் திறந்திருக்கும் காலம்.

நம் கடற்படையில் மனிதர்களின் பெயர்களே இல்லையா என்று கேட்டால், நிறைய இருக்கின்றன. எங்கே இருக்கின்றன என்று பார்க்க வேண்டும். சிவாஜி, ஆங்ரே, குஞ்ஞாலி, தானாஜி, நேதாஜி சுபாஷ், சர்தார் படேல் ஆகிய ‘ஐஎன்எஸ்’கள் எல்லாம் கரையில் உள்ள தளங்கள், பயிற்சி நிலையங்கள். நம் கட்டபொம்மனும் அப்படித்தான். திருநெல்வேலி பக்கம் விஜயநாராயணத்தில் 1990-ல் தொடங்கிய ஐஎன்எஸ் கட்டபொம்மன், நீருக்கடியில் இருக்கும் நீர்மூழ்கிகளுக்கு மிகத் தாழ்ந்த அலைவரிசையில் செய்தி அனுப்பும் நிலையம். அதன் கோபுரங்களைப் பார்த்தவர்களுக்கு அது எவ்வளவு முக்கியமான இடம் என்று தெரியும். ஆனால் அது நகர்வதில்லை. மிதக்கும் போர்க்கப்பல்களில் விக்ரமாதித்யா மாதிரி ஒன்றிரண்டு ராஜப் பெயர்களும், சுகன்யா, சுபத்ரா, சாவித்ரி போன்ற புராணப் பெயர்களும் இருக்கின்றன. பெருவாரியானவை ஊரும் மலையும் ஆறும் மீனும்தான்.

கடலோரக் காவல் படை வேறு வழியில் போயிருக்கிறது. ராணி அப்பக்கா, ராணி துர்காவதி, ராணி கைதின்லியு, கஸ்தூர்பா காந்தி, சரோஜினி நாயுடு, அன்னி பெசன்ட் என்று பெண்களின் பெயர்களைக் கப்பல்களுக்கே வைத்தார்கள். அந்த வரிசையில் ஔவையாரும் இருந்தார் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. வேலு நாச்சியார் பெயரைக் கேட்பவர்கள் கடற்படையைக் கேட்பதைவிட, இந்த மரபு ஏற்கெனவே உள்ள கடலோரக் காவல் படையிடம் கேட்பது பலன் தரும்.

போர்க்கப்பலுக்கு மனிதர் பெயர் வைக்கக் கடற்படை தயங்குவதில் அர்த்தம் இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு போர்க்கப்பல் முப்பது, நாற்பது ஆண்டுகள் ஓடும். ஐஎன்எஸ் ராஜ்புத் 1980 முதல் 2021 வரை ஓடியது. அத்தனை காலம் ஒரு மனிதரின் பெயர் பிசகில்லாமல் நிற்குமா? ரஷ்யாவின் விமானந்தாங்கிக் கப்பல் இதற்குச் சரியான பாடம். 1982-ல் ‘ரீகா’ என்ற பெயரில் வேலை தொடங்கினார்கள். அந்த ஆண்டே சோவியத் தலைவர் பிரஷ்னேவ் இறந்ததும் ‘லியோனித் பிரஷ்னேவ்’ ஆனது. கார்பசேவ் காலத்தில் அந்தப் பெயர் உறுத்த, 1987-ல் ஜார்ஜியாவின் தலைநகர் பெயரான ‘திபிலிசி’. ஜார்ஜியா பிரிந்துபோகும் சூழல் வந்ததும் 1990-ல் ‘அட்மிரல் குஸ்நெத்சோவ்’. ஒரே கப்பலுக்கு எட்டு ஆண்டுகளில் நாலு பெயர்! கடைசியில் நின்றது எது? ஆட்சியாளர் பெயர் நிற்கவில்லை. பிரிந்துபோன ஊர்களின் பெயர் நிற்கவில்லை. கடற்படையைக் கட்டியெழுப்பிய ஒரு கடற்படைக்காரரின் பெயர்தான் நின்றது. நாம் வாங்கிய விக்ரமாதித்யாவும் ‘பாக்கு’ என்று பிறந்து ‘அட்மிரல் கோர்ஷ்கோவ்’ ஆன கப்பல்தான்.

ஜெர்மனி அறுபதுகளில் மூன்று நாசகாரிகளுக்கு லூட்யன்ஸ், மோல்டர்ஸ், ரோமெல் என்று இரண்டாம் உலகப் போர்த் தளபதிகளின் பெயர்களை வைத்தது. மோல்டர்ஸ் ஸ்பெயின் உள்நாட்டுப் போருக்கு நாஜி ஜெர்மனி அனுப்பிய கொண்டோர் படைப்பிரிவில் பறந்தவர். அந்தப் படைப்பிரிவினருக்கு மரியாதை கூடாது என்று 1998-ல் ஜெர்மன் நாடாளுமன்றமே தீர்மானித்தது. கப்பல் 2003 வரை அந்தப் பெயரோடு ஓடியது. இப்போது அங்கே ஃபிரிகேட்டுகளுக்கு மாநிலங்களின் பெயர்கள்தான். ஜப்பான் இன்னும் கறார்: மலை, ஆறு, பழைய மாகாணம், வானிலை போன்ற பெயர்கள்தான், மனிதர் பெயரே கிடையாது. அவர்களுடைய அண்டார்டிகா பனிக்கட்டி உடைப்புக் கப்பல் ‘ஷிராசே’ கூட, துருவப் பயணி ஷிராசேயின் பெயர் தாங்கிய பனியாற்றின் பெயரைத்தான் அதிகாரபூர்வமாகத் தாங்குகிறது.

உயிரோடு இருப்பவர் பெயரை வைத்தால் வரும் சங்கடத்துக்கு அமெரிக்க நாசகாரி ‘ஜான் எஸ். மெக்கெய்ன்’ உதாரணம். தாத்தா, அப்பா என்ற இரண்டு அட்மிரல்களுக்காக வைத்த பெயர் அது. 2017 ஆகஸ்ட் 21 அன்று சிங்கப்பூர் அருகே எண்ணெய்க் கப்பலோடு மோதி பத்து மாலுமிகள் இறந்தார்கள். செய்தித் தலைப்புகளில் எல்லாம் ‘மெக்கெய்ன்’தான். 2018-ல், பேரனான செனட்டர் உயிரோடு இருக்கும்போதே, அவரையும் அந்தப் பெயரில் சேர்த்தார்கள். அடுத்த ஆண்டு அவருடைய அரசியல் எதிரியான அதிபர் டிரம்ப் ஜப்பானின் யோகோசுகா துறைமுகத்துக்கு வந்தபோது, அந்தக் கப்பல் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லிக் கடிதம் போனது. அதில் வேலை செய்த முந்நூறு சொச்சம் மாலுமிகள் என்ன பாவம் செய்தார்கள்?

அப்படியென்றால் மனிதர் பெயரே வேண்டாமா? அதே அமெரிக்கக் கடற்படையில்தான் இதற்கு மிக நல்ல பதிலும் இருக்கிறது. 1942 செப்டம்பர் 27, குவாடல்கனால் தீவு. சுற்றி வளைக்கப்பட்ட மரைன் வீரர்களைக் கரையிலிருந்து மீட்க மரப்படகுகள் போயின. அவற்றை வழிநடத்தியவர் கடலோரக் காவல் படையின் சிக்னல்மேன் டக்ளஸ் மன்ரோ. படகோட்டிகளில் ஒருவர் சாமுவேல் பி. ராபர்ட்ஸ் என்ற கடற்படைக் காக்ஸ்வெயின். வீரர்கள் ஏறி முடிக்கும்வரை மன்ரோ தன் படகை அவர்களுக்கும் எதிரியின் துப்பாக்கிகளுக்கும் நடுவே நிறுத்தி மறைத்தார். ராபர்ட்ஸ் தன் படகை எதிரிக்குக் காட்டிச் சூட்டைத் தன் பக்கம் இழுத்தார். மன்ரோ அன்றே இறந்தார். ராபர்ட்ஸ் மறுநாள். இருவருமே அதிகாரிகள் இல்லை.

ராபர்ட்ஸ் பெயரை 1944-ல் ஒரு சிறிய துணைக்காப்புக் கப்பலுக்கு வைத்தார்கள். அந்த ஆண்டு அக்டோபர் 25 அன்று, பிலிப்பைன்ஸின் சமார் தீவுக்கு அப்பால், தன்னைவிடப் பல மடங்கு பெரிய ஜப்பானிய போர்க்கப்பல்களை எதிர்த்துப் போய் மூழ்கியது அது. பெயரை விடவில்லை, அடுத்து ஒரு நாசகாரி, அதற்கடுத்து ஒரு ஃபிரிகேட். மூன்றாவதான அந்த ஃபிரிகேட் 1988 ஏப்ரல் 14 அன்று பாரசீக வளைகுடாவில் கண்ணிவெடியில் சிக்கியது. அடிப்பகுதி கிழிந்து, இயந்திர அறையில் தண்ணீர் ஏறி, தீயும் பிடித்தது. முதல் கப்பலின் மாலுமிகள் பெயர்களைப் பொறித்த வெண்கலத் தகடு ஒன்று அந்தக் கப்பலில் பதித்திருந்தது. தீயணைக்க ஓடியவர்கள் அந்தத் தகட்டைத் தொட்டுவிட்டுப் போனார்கள் என்று பதிவாகியிருக்கிறது. அவர்கள் கப்பலைக் காப்பாற்றினார்கள். பெயர் என்பது அங்கே வேலை செய்கிறது. ஒரு மந்திரியின் பெயரோ அரசரின் பெயரோ அந்த நேரத்தில் அந்த மாலுமியிடம் என்ன சொல்லும்?

மன்ரோவின் பெயர் தாங்கிய கடலோரக் காவல் கப்பல் ஒன்று 2021-ல் இலங்கைக்குக் கொடுக்கப்பட்டது. இப்போது அது ‘விஜயபாகு’. நம் துணைக்கண்டத்தின் பழக்கம் எப்படி என்பதை அது காட்டுகிறது: படகோட்டியின் பெயர் போய் அரசனின் பெயர் வந்துவிட்டது. அமெரிக்கர்கள் அதற்கு முன்பே இன்னொரு புதிய கப்பலுக்கு மன்ரோ பெயரை வைத்துவிட்டார்கள்.

அமெரிக்காவிலும் எல்லாம் சரியாக நடப்பதில்லை. அங்கே பெயர் வைக்கும் அதிகாரம் கடற்படைச் செயலர் ஒருவர் கையில். அவர் அரசியல் நியமனம். ஒரு ஆட்சியில் சமூகப் போராளிகளின் பெயர், அடுத்த ஆட்சியில் அது நீக்கம் என்று ஆகிவிடுகிறது. 2016-ல் ஹார்வி மில்க் பெயர் வைத்த எண்ணெய்க் கப்பலுக்கு 2025-ல் ஆஸ்கர் வி. பீட்டர்சன் என்று பெயர் மாற்றினார்கள். மில்க் கடற்படையில் பணியாற்றியவர்தான். ஓடிக்கொண்டிருக்கும் கப்பலின் பெயரை ஆட்சி மாறியதும் பிடுங்குவது அசிங்கம். ஆனால் பீட்டர்சன் யார் என்று பார்க்க வேண்டும். 1942 மே 7, பவளக் கடல் போர். ‘நியோஷோ’ என்ற எண்ணெய்க் கப்பலில் குண்டுகள் விழுந்து நீராவிக் குழாய்கள் உடைந்தன. பீட்டர்சன் பழுதுபார்க்கும் குழுவின் தலைவர். குழுவில் மற்றவர்கள் காயப்பட்டுக் கிடந்தார்கள். அவரும் காயப்பட்டிருந்தார். கொதிக்கும் நீராவிக்குள் தனியாகப் போய் தடுப்புச் சுவரில் இருந்த வால்வுகளை ஒவ்வொன்றாகக் கையால் திருகி மூடினார். மேலும் வெந்துபோய் சில நாட்களில் இறந்தார். எண்ணெய்க் கப்பலின் வால்வை மூடி இறந்தவரின் பெயர் எண்ணெய்க் கப்பலுக்கு! இதைவிடப் பொருத்தம் வேறு இல்லை. 2016-லேயே இவர் பெயரை வைத்திருந்தால் எந்த ஆட்சியும் அதைத் தொட்டிருக்காது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். எண்பதுகளில் இந்தியக் கப்பல் போக்குவரத்துக் கழகம் பதினைந்து எண்ணெய்க் கப்பல்களுக்குப் பரம் வீர் சக்ரா பெற்றவர்களின் பெயர்களை வைத்தது. மேஜர் சோம்நாத் சர்மா முதல் ஃபிளையிங் ஆபீசர் நிர்மல் ஜித் சிங் செகான் வரை, அதுவரை விருது பெற்ற பதினைந்து பேரும் கடலில் போனார்கள். 2023 ஜனவரி 23 அன்று அந்தமானில் பெயரில்லாத 21 தீவுகளுக்கு அதே விருதாளர்கள் 21 பேரின் பெயர்கள் சூட்டப்பட்டன. இரண்டும் மிக நல்ல காரியங்கள். ஆனால் அந்த 21 பேரில் இருபது பேர் ராணுவத்தினர், ஒருவர் விமானப்படையினர். கடற்படையினர் ஒருவர்கூட இல்லை. ஏனென்றால் கடற்படையில் இதுவரை யாருக்கும் பரம் வீர் சக்ரா கிடைக்கவில்லை. கடலில் ஓடும் கப்பல்களுக்கும் கடலில் கிடக்கும் தீவுகளுக்கும் பெயர் தேடியபோது, உச்ச விருதை மட்டுமே அளவுகோலாக வைத்ததால் கடலில் இறந்தவர்கள் பட்டியலுக்கே வரவில்லை. இந்த அநியாயத்தை யாரும் திட்டமிட்டுச் செய்யவில்லை. ஆனாலும் அது அநியாயம்தான்.

1971 டிசம்பர் 9 இரவு, டையூவுக்கு அப்பால் ஐஎன்எஸ் குக்ரியைப் பாகிஸ்தானின் ‘ஹாங்கோர்’ நீர்மூழ்கி டார்பிடோவால் தாக்கியது. சில நிமிடங்களில் கப்பல் மூழ்கியது. 18 அதிகாரிகள், 176 மாலுமிகள் போனார்கள். கேப்டன் மகேந்திர நாத் முல்லா தன் உயிர்க்காப்புக் கச்சையை இன்னொரு மாலுமியிடம் கொடுத்துவிட்டுக் கப்பலோடு மூழ்கினார். அவருக்கு மகாவீர் சக்ரா. 1989-ல் குக்ரி என்ற பெயர் இன்னொரு கப்பலுக்கு வந்து, 2021 வரை ஓடியது. அதுவும் ஒரு நல்ல மரபு. ஆனால் குக்ரி என்பது கத்தியின் பெயர். அந்த 194 பேரில் ஒருவருடைய பெயராவது ஒரு கப்பலின் பின்புறத்தில் எழுதப்பட வேண்டாமா?

அதே போரில் இப்போதைய வங்கதேசத்தின் குல்னா அருகே நடந்த படகு நடவடிக்கையில் மகாவீர் சக்ரா பெற்ற லீடிங் சீமேன் சிமன் சிங் அதிகாரி அல்ல, மாலுமி. 2014 பிப்ரவரி 26 அன்று ஐஎன்எஸ் சிந்துரத்னா நீர்மூழ்கியில் புகை சூழ்ந்தபோது மற்றவர்களை வெளியேற்றிவிட்டு உள்ளே இறந்தவர்கள் லெப்டினன்ட் கமாண்டர் கபீஷ் முவால், லெப்டினன்ட் மனோரஞ்சன் குமார். எதிரி யாரும் இல்லாத சமயத்தில் நடந்தது என்பதால் அது சிறியதாகிவிடாது. நீராவி, தீ, புகை, தண்ணீர் நான்கும்தான் மாலுமியின் அன்றாட எதிரிகள்.

ராஜேந்திர சோழனைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கடிதத்தை முடிக்க முடியாது. 1025 வாக்கில் ஸ்ரீவிஜயத்தின் மேல் அவர் அனுப்பிய கடற்படை உலக வரலாற்றில் அபூர்வமானது. ‘அலைகடல் நடுவுள் பலகலம் செலுத்தி’ என்று மெய்க்கீர்த்தி பெருமைப்படுகிறது. பிடித்த ஊர்களை ஸ்ரீவிஜயம், பண்ணை, மலையூர், இலங்காசோகம், நக்கவாரம், கடாரம் என்று வரிசையாகச் சொல்கிறது. அந்தக் கலங்களை ஓட்டிப்போன ஒரு நாயகனின் பெயர்கூட அதில் இல்லை. அந்தக் காலத்துக் கல்வெட்டு அப்படித்தான் இருக்கும். அதே பழக்கத்தை நாமும் தொடர வேண்டியதில்லை.

நடைமுறைச் சிக்கலும் இருக்கிறது. போர்க்கப்பல் என்பது அயல்நாட்டுத் துறைமுகங்களுக்கு நட்புப் பயணம் போகும் கப்பல். இந்தோனேசியா 2014-ல் ஒரு கப்பலுக்கு ‘உஸ்மான்-ஹாருன்’ என்று பெயர் வைத்தது. 1965 மார்ச் 10 அன்று சிங்கப்பூர் மெக்டொனால்ட் ஹவுஸில் குண்டு வைத்து, மூன்று பேர் இறக்கக் காரணமாகி, 1968-ல் அங்கே தூக்கிலிடப்பட்ட இரண்டு கடற்படை வீரர்கள் அவர்கள். இந்தோனேசியாவுக்கு அவர்கள் தியாகிகள். சிங்கப்பூர் அந்தக் கப்பலைத் தன் துறைமுகத்துக்குள்ளும் தளங்களுக்குள்ளும் விடமாட்டோம் என்று அறிவித்துவிட்டது. ஆயிரம் வருடத்துக்கு முந்தைய படையெடுப்பை யாரும் அந்த அளவுக்கு எடுத்துக்கொள்ளப் போவதில்லை. ஆனாலும் கடாரமும் பாலெம்பாங்கும் இருக்கும் நாடுகளுக்கு, அவற்றைக் கொள்ளையிட்டவரின் பெயரோடு நல்லெண்ணப் பயணம் போவது தேவையற்ற நெருடல். நாகப்பட்டினம் போன்ற இடத்தில் ஒரு கரைத்தளத்துக்கோ பயிற்சி நிலையத்துக்கோ அந்தப் பெயர் வந்தால் மிகப் பொருத்தமாக இருக்கும். ஆங்ரேக்கும் குஞ்ஞாலிக்கும் கிடைத்த மரியாதை அதுதான்.

வ.உ.சி. விஷயம் வேறு. 1906-ல் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியைத் தொடங்கி, தூத்துக்குடி-கொழும்பு தடத்தில் வெள்ளைக்காரக் கம்பெனியோடு மோதி, ‘காலியா’, ‘லாவோ’ என்ற இரண்டு கப்பல்களை ஓட்டி, அதற்காகவும் சேர்த்துச் சிறையில் செக்கிழுத்தவர். அவருடைய போர் சரக்கும் பயணிகளும் சார்ந்தது. ஆகவே பீரங்கி தாங்கும் கப்பலைவிட, மற்றக் கப்பல்களுக்கு எண்ணெயும் உணவும் வெடிபொருளும் கொண்டுபோய்க் கொடுக்கும் கப்பல்தான் அவருக்குப் பொருத்தம்.

இதற்கு இப்போது வாய்ப்பும் இருக்கிறது. விசாகப்பட்டினம் ஹிந்துஸ்தான் ஷிப்யார்டில் ஐந்து கடற்படைத் துணைக்கப்பல்கள் கட்ட 2023 ஆகஸ்டில் சுமார் 19,000 கோடி ரூபாய்க்கு ஒப்பந்தம் ஆனது. ஒவ்வொன்றும் 44,000 டன். விமானந்தாங்கிகளை ஒட்டிய அளவில் உள்ளவை இவைதான். துணைக்கப்பல் என்றால் கௌரவம் குறைவு என்று நினைப்பது தவறு. நடுக்கடலில் பக்கத்தில் வந்து குழாய் போட்டு எண்ணெய் வாங்கும் ஒவ்வொரு கப்பலும் அந்தப் பெயரைப் பார்க்கும். அதிக நாள் கடலில் இருப்பதும், அதிகத் துறைமுகங்களுக்குப் போவதும் இவைதான். நாசகாரிகளுக்கு நகரங்களும் ஃபிரிகேட்டுகளுக்கு மலைகளும் அப்படியே இருக்கட்டும். இந்த மாதிரி துணைக்கப்பல் வரிசைகளையாவது கடலோடிகளுக்கு ஒதுக்கலாம். முல்லாவும் வ.உ.சி.யும் அதில் இருக்கட்டும். கடலை அளந்து வரைபடம் போடும் அளவைக் கப்பல்களுக்குக் கடல், வானிலை ஆய்வாளர்களை யோசிக்கலாம்: 1966-ல் தொடங்கிய, கோவாவில் உள்ள தேசிய கடலியல் நிறுவனத்தின் முதல் இயக்குநர் என்.கே. பணிக்கர், வானிலைக் கருவிகளை இந்தியாவிலேயே செய்யவைத்த அன்னா மணி. அமெரிக்கா கடல்தரையின் வரைபடம் போட்ட மேரி தார்ப் பெயரை 2023-ல் அளவைக் கப்பலுக்கு வைத்தது. சீனா விஞ்ஞானிகள் பெயரை வைக்கிறது.

பெயர் கேட்டு மனு எழுதுகிறவர்கள் சில சோதனைகளை முதலில் தாங்களே செய்து பார்க்க வேண்டும். ஆள் இறந்திருக்க வேண்டும். கடமையின்போது இறந்தவராக இருந்தால், விசாரணை முடிந்து உண்மை பதிவான பிறகு கேட்கலாம். மற்றவர்களுக்கு இறந்து 25 ஆண்டாவது ஆகட்டும். கட்சித் தலைவர்கள் வேண்டவே வேண்டாம். செயல் என்ன என்பதற்கு அரசிதழ்க் குறிப்போ விருது வாசகமோ விசாரணைப் பதிவோ இருக்க வேண்டும். ‘ஊரில் சொல்லுவார்கள்’ என்பது குழுவின் முன் நிற்காது. குடும்பத்தாரின் எழுத்துபூர்வமான சம்மதம் வேண்டும், ஏனென்றால் கப்பல் மோதினாலும் தீப்பிடித்தாலும் அந்தக் குடும்பப் பெயர்தான் செய்தியில் வரும்.

பெயரின் நீளத்தை யாரும் யோசிப்பதில்லை. கப்பலை அடையாளம் காட்டும் ஏஐஎஸ் கருவியில் பெயருக்கு உள்ள இடம் 20 எழுத்து, இடைவெளியையும் சேர்த்து, ஆங்கில எழுத்தில். பரம் வீர் சக்ரா எண்ணெய்க் கப்பல்களில் ஒன்றின் முழுப் பெயர் ‘லெப்டினன்ட் கர்னல் அர்தேஷிர் புர்சோர்ஜி தாராபூர் பி.வி.சி.’ கப்பல்கள் ஒன்றையொன்று அழைக்கும் விஎச்எஃப் ரேடியோவின் 16-வது சேனலில் கூப்பிடும்போது கப்பலின் பெயரை மூன்று தடவை வரை சொல்லலாம் என்பது முறை. காற்றும் இரைச்சலுமான இரவில் இந்தப் பெயரை மூன்று தடவை சொல்லிப் பாருங்கள். கூப்பிடுகிறவர்கள் சுருக்கத்தான் செய்வார்கள். சுருங்கும்போது மரியாதையும் சுருங்கும். பதவி, பட்டம், விருது எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஒரே சொல்லாகக் கொடுப்பது நல்லது. ‘முல்லா’ ஆங்கிலத்தில் ஐந்து எழுத்து. ‘சிதம்பரனார்’ பதின்மூன்று. ‘கப்பலோட்டிய தமிழன் வ.உ.சிதம்பரனார்’ என்று கேட்டால் கருவியிலேயே ஏறாது. ஓடிக்கொண்டிருக்கும் வேறு கப்பலின் பெயரோடு ஒலியில் குழம்பக் கூடாது என்பதையும் பார்க்க வேண்டும்.

பெயர் கிடைத்துவிட்டால் வேலை முடிந்ததாக நினைக்க வேண்டாம். அந்த மனிதர் செய்த காரியம் என்ன என்று நாலு வரியில், இந்தியிலும் ஆங்கிலத்திலும் அவர் தாய்மொழியிலும், அதிகாரிகள் அறையில் மட்டுமல்லாமல் மாலுமிகள் சாப்பிடும் இடத்திலும் பதிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். கப்பலின் ஆயுள் முடிந்ததும் அடுத்த கப்பலுக்கு அதே பெயர் போக வேண்டும் என்றும் மனுவிலேயே எழுத வேண்டும். குக்ரிக்கும் விக்ராந்துக்கும் அது நடந்திருக்கிறது.

தமிழ்நாட்டிலிருந்து யாரைக் கேட்பது என்று தேடுகிறவர்களுக்கு ஒரு வழி. இரண்டாம் உலகப் போரில் கடலில் இறந்து, கல்லறையும் இல்லாத இந்தியக் கடற்படையினர், வணிகக் கப்பல் மாலுமிகள் 6,000-க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் மும்பை இந்திய மாலுமிகள் இல்லத்தில் உள்ள நினைவுப் பதிவேட்டில் இருக்கின்றன. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்திலும் பெயர் போட்டுத் தேடலாம். தூத்துக்குடி, ராமநாதபுரம், நாகப்பட்டினம், கன்னியாகுமரி மாவட்டங்களின் கல்லூரி வரலாற்றுத் துறைகள் அந்தப் பட்டியலை எடுத்து, ஆளின் ஊர், கப்பலின் பெயர், மூழ்கிய தேதி, அவர் பார்த்த வேலை நான்கையும் சரிபார்த்து, ஆதாரத்தோடு கடற்படைத் தலைமையகத்துக்கு அனுப்பட்டும். நம் தொகுதி எம்.பி.க்கள் அதன் நகலை வைத்து மக்களவையில் கேள்வி கேட்கட்டும். அடுத்த ரகத்துக்கு ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன்பே பட்டியல் அங்கே போய்ச் சேர வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்